ஜூனுக்கும் டிசம்பருக்கும் பதில் சொல்லும் தண்ணீர் எது?

சென்னைக்கு மாதம் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி, தண்ணீர் வேண்டும். பொறியாளர்கள் முதல் டீக்கடையில் நாளிதழ் புரட்டுபவர்கள் வரை எல்லோருக்கும் மனப்பாடமான கணக்கு இது. நாளொன்றுக்கு நூறு கோடி லிட்டர் வழங்கினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 13 டி.எம்.சி. ஆகும். மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். ஆண்டுச் சராசரி மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 21 டி.எம்.சி. வருகிறது. வானம் கொட்டுவது 21, ஊருக்குத் தேவை 13. அப்படியிருந்தும் 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்தது. நகரத்தின் ஒரு நாள் தேவையில் அது நானூறில் ஒரு பங்கு. அதற்கும் ஒரு வரவேற்பு விழா நடந்தது.

அந்தப் பெருக்கல் கணக்கை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கிவிடலாம். விழுகிற மழை முழுவதையும் யாராலும் பிடிக்க முடியாது. மூன்றில் ஏறக்குறைய இரண்டு பங்கு வடகிழக்குப் பருவத்தில், அதுவும் நாலைந்து பெருமழைகளில் வந்து தீர்ந்துவிடுகிறது. வருகிற வேகத்திலேயே கூவத்திலும் அடையாற்றிலும் ஓடிக் கடலில் கலக்கிறது. சில ஆண்டுகளில் ஓடக்கூட இடம் கிடைக்காமல் வீட்டுக்குள் வந்து நிற்கிறது. ரயில் வந்ததற்கு நான்காண்டுகள் முன்பு, 2015 டிசம்பர் தொடக்கத்தில், செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்ட தண்ணீர் அடையாற்றங்கரையில் என்ன செய்தது என்பதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஆகவே இந்த ஊரில் தண்ணீருக்காகத் தீட்டப்படும் எந்தத் திட்டத்துக்கும் நான் இரண்டு தேர்வுகள் வைப்பேன். பருவமழை பொய்த்த அடுத்த ஜூன் மாதத்தில் அது எத்தனை குடம் தரும்? புயல் கரையைக் கடக்கும் டிசம்பர் இரவில் அது எத்தனை வீட்டைக் காக்கும்? பெரும்பாலான திட்டங்கள் ஒரு தேர்வை மட்டுமே எழுதுகின்றன. மற்றொன்றுக்கான கேள்வித்தாள் வேறொரு துறையின் மேசையில் இருக்கிறது. ஏரியும் அணையும் நீர்வளத்துறையிடம் உள்ளன. 2021இல்தான் அது பொதுப்பணித்துறையிலிருந்து தனித்துறையாகப் பிரிந்தது. குழாயும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான குடிநீர் வாரியத்திடம். மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். சதுப்புநிலமும் காடும் வனத்துறையிடம். புறம்போக்கு வருவாய்த்துறையிடம். எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்பதைச் சொல்வது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. அதன் மூன்றாவது முழுமைத் திட்டம் 2026 முதல் 2046 வரைக்கானது. இருபது ஆண்டுகளுக்கான அந்தத் திட்டத்தில் எந்தத் தண்ணீருக்கு முதலிடம் என்பதே இப்போது முடிவு செய்யப்பட வேண்டிய விஷயம்.

முதலில் கடல். அரசுக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், காரணமும் இல்லாமல் இல்லை. மழை பொய்த்தாலும் வங்கக்கடல் வற்றாது. மீஞ்சூர் ஆலை என்று நாம் சொல்லும் காட்டுப்பள்ளி ஆலை 2010இல் நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு வந்தது. நெம்மேலியில் 2013இல் இன்னொரு 10 கோடி. அதன் பக்கத்திலேயே 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டர் ஆலை திறக்கப்பட்டது. செலவு சுமார் 1,516 கோடி ரூபாய். அடுத்து பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலை, ஜப்பான் நிதியுதவியோடு 4,276 கோடி ரூபாயில். நான்கையும் கூட்டினால் நாளுக்கு 75 கோடி லிட்டர். இன்று நாம் வழங்கும் அளவில் முக்கால் பங்கு.

ஜூன் தேர்வில் இதற்கு முதல் வகுப்பு மதிப்பெண், மறுக்க மாட்டேன். 2019இல் ஏரிகள் நான்கும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது குழாயில் வந்த கொஞ்ச நஞ்சத்தில் பெரும்பகுதி கடலும் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியும் தந்தவை. ஆனால் விலையைப் பாருங்கள். மீஞ்சூர் ஒப்பந்தத்தில் ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. மின்சாரம் அதைவிடப் பெரிய பிரச்சினை. கடல்நீரைச் சவ்வு வழியாக அழுத்தித் தள்ள ஆயிரம் லிட்டருக்குச் சுமார் மூன்றரை யூனிட் ஆகும். பேரூர் முழுத்திறனில் ஓடினால் ஒரு நாளுக்கு 14 லட்சம் யூனிட். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு எண்ணூர் வட்டாரத்தில் நிலக்கரி எரித்து எடுப்பது. அதன் சாம்பல் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் படிகிறது. குடிநீருக்காக ஓர் ஆற்றைக் கெடுத்துக்கொண்டு கடலிடம் கையேந்துவது எனக்கு அவ்வளவு புத்திசாலித்தனமாகப் படவில்லை.

உவர்நீர்ப் பிரச்சினையும் உண்டு. ஒரு லிட்டர் நன்னீர் எடுத்தால் அதற்குமேல் அளவில் அடர்த்தியான உப்புநீர் கடலுக்கே திரும்புகிறது. கரைவலை போடும் ஊர்களுக்கு முன்னால் அதைக் கொட்டும்போது மீனவர்கள் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். கடலும் எல்லா நாளும் சுத்தமான மூலப்பொருள் இல்லை. கலங்கும் நாட்களில் உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருக்கும். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததையும் பார்த்தோம்.

டிசம்பர் தேர்வில் கடல்நீர் ஆலைக்குப் பூஜ்யம். அதன் வேலையே அது இல்லை என்று வாதாடலாம். ஆனால் 4,276 கோடி என்பது ஒரே பையிலிருந்து எடுக்கும் பணம். அதில் டிசம்பருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அண்டை வீட்டுத் தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1983இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் கையெழுத்திட்ட தெலுங்கு கங்கை ஒப்பந்தப்படி, மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் ஆளுக்கு ஐந்து டி.எம்.சி. விட்டுக்கொடுக்க, சேதாரம் போக 12 டி.எம்.சி. நம் எல்லைக்கு வர வேண்டும். 1996இல் முதல்முறையாகக் கிருஷ்ணா நீர் வந்தது. ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து எல்லை வரை 152 கிலோமீட்டர் கால்வாய். வழியெங்கும் வயல்கள், வயலில் மோட்டார்கள். கரை சரிந்து பாழாகிக் கிடந்த கால்வாயைச் சீரமைக்க புட்டபர்த்தி சாய்பாபாவின் அறக்கட்டளை பணம் கொடுத்த பிறகே ஓட்டம் கொஞ்சம் தேறியது. ஒப்பந்தம் சொன்ன 12 முழுதாக வந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை. வந்தால் வரவில் வைப்போம். திட்டம் போடும்போது நம்பக்கூடாது. வீராணம் இதைவிட நம்பகமானது. 2004 முதல் சுமார் 230 கிலோமீட்டர் குழாயில் நாளுக்கு 18 கோடி லிட்டர் வருகிறது. அதற்கு முந்தைய முயற்சியில் வாங்கிய ராட்சதக் குழாய்கள் சாலையோரம் ஆண்டுக்கணக்கில் கிடந்து, அவற்றுக்குள் குடும்பங்கள் குடியிருந்ததையும் பார்த்த மாநிலம் இது. ஆனால் அது காவிரித் தண்ணீர். மேட்டூரில் தண்ணீர் இல்லாத ஆண்டில் கடலூர் மாவட்ட விவசாயிக்கும் நமக்கும் இடையே எந்த அரசும் தேர்வு செய்யத் துணியாது, துணியவும் கூடாது. இந்த இரண்டையும் இருக்கிற அளவோடு விட்டுவிட்டு நகர்கிறேன்.

ஏரிகளுக்கு வருவோம். இங்கேதான் சண்டை.

நாளிதழில் தினமும் வரும் பெட்டிச் செய்தி நமக்குப் பழக்கம்: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500. எல்லாம் மில்லியன் கன அடி. அனைத்தும் தளும்ப நிரம்பினாலும் 11.7 டி.எம்.சி.தான், ஆண்டுத் தேவைக்குச் சற்றுக் குறைவு. ஆழம் குறைந்த ஏரிகள் என்பதால் சித்திரை வெயிலில் ஆவியாகிப் போகும் பங்கும் சிறியதில்லை. பூண்டி கட்டியது 1944இல். அதற்குப் பிறகு நகரம் பல மடங்கு பெருத்துவிட்டது. புதிதாகக் கட்டிய நீர்த்தேக்கம் என்று சொல்லிக்கொள்ள 2020இல் திறந்த கண்ணன்கோட்டை ஒன்றுதான், அதுவும் அரை டி.எம்.சி.

இதற்கு அரசு வைத்திருக்கும் பதில், 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்த ஆறாவது நீர்த்தேக்கம். கோவளம் அருகே, திருப்போரூர் வட்டாரத்தில், பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவிலுள்ள தாழ்நிலத்தில் 1.6 டி.எம்.சி. தேக்கம், மதிப்பீடு 350 கோடி. ஒன்றரை மாதத் தண்ணீர் 350 கோடிக்கு என்றால், பேரூரோடு ஒப்பிடும்போது கொள்ளை மலிவு. டிசம்பரிலும் தென்சென்னை வெள்ளத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். காகிதத்தில் இரண்டு தேர்விலும் தேறுகிறது.

எனக்கு இதில் தயக்கம் உண்டு. அந்தத் தாழ்நிலம் வெற்றிடம் இல்லை. மழைக்காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் கூடி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கித் தெற்கே முட்டுக்காட்டை நோக்கிப் போகிறது. அந்தப் பாதையின் கடைசிப் பகுதி இது. உப்பும் நன்னீரும் கலந்து கிடக்கும் அந்தக் கழியில்தான் இறாலும் நண்டும் குஞ்சு பொரிக்கின்றன. சிறு மீனவர்களின் பிழைப்பு அதில் இருக்கிறது. அதைக் கரை கட்டி நன்னீர்த் தொட்டியாக்கும்போது கரைக்கு வெளியே வெள்ளத்துக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதை யாராவது தெளிவாகச் சொல்ல வேண்டும். உப்பு ஏறிய மண்ணில் தேக்கிய நீர் எத்தனை பருவம் கழித்துக் குடிநீர்த் தரத்துக்கு வரும் என்பதையும்.

அதே 350 கோடிக்கு எனக்குத் தெரிந்த வேறு இடம் உண்டு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மூன்று மாவட்டங்களிலுமாக ஆயிரக்கணக்கான ஏரிகள். செங்கல்பட்டுக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து கீழ் ஏரிக்கு வரும். அது நிரம்பினால் அடுத்தது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மேலே வெள்ளம், கீழே வறட்சி. அறுந்த இடங்களைப் பார்க்க ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. புறநகரில் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் ஏறி, கலங்கலைக் கண்டுபிடித்து, அதிலிருந்து புறப்படும் போக்குக் கால்வாயோடு நடந்து பாருங்கள். முதல் நூறு அடி கருங்கல் கட்டோடு ஒழுங்காக இருக்கும். பிறகு ஆகாயத்தாமரை. பிறகு ஒரு கல்யாண மண்டபத்தின் சுற்றுச்சுவர். அதன் பிறகு கால்வாய் இரண்டடி அகலச் சிமெண்டுக் குழாயாகச் சுருங்கி ஒரு தெருவுக்கு அடியில் காணாமல் போகும். டிசம்பரில் அந்தத் தெருவின் பெயர் தொலைக்காட்சியில் வரும்.

தூர்வாருவதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. ஆழப்படுத்துகிறோம் என்ற பெயரில் சவுடு மண் லாரிகள் வரிசை கட்டுவதை நம் ஊரார் நன்றாக அறிவார்கள். எங்கே மண்ணுக்கு விலை இருக்கிறதோ அங்கே ஆழம் கூடும். வரத்துக் கால்வாய் அப்படியே புதர் மண்டிக் கிடக்கும். ஆழமான ஏரிக்குத் தண்ணீர் வரும் வழி இல்லை என்றால் அது வெறும் பள்ளம். மாங்காடு அருகே சிக்கராயபுரம் கல்குவாரிகள் நல்ல உதாரணம். யாரும் ஏரியென்று திட்டமிடாத பள்ளங்கள். 2017 வறட்சியில் அவற்றில் தேங்கியிருந்த நீரைச் சுத்திகரித்து நகரத்துக்கே கொடுத்தார்கள்.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்த வழி. பலருக்கு இதைக் கேட்டாலே முகம் சுளிக்கும்.

குழாயில் போகும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்புகிறது என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் பொதுவான கணக்கு. நூறு கோடி கொடுத்தால் எண்பது கோடி லிட்டர் திரும்பி வரும். இது மழையைப் பார்த்துக் கூடவோ குறையவோ செய்யாது. நகரம் வளர வளர இதுவும் வளரும். 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாலரைக் கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன; வழக்கமான சுத்திகரிப்பு முடிந்த நீரைச் சவ்வு வழியாக மறுபடி வடிகட்டுபவை. கொடுங்கையூர் நீர் மணலி, எண்ணூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. கோயம்பேட்டு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு. தொழிற்சாலை இந்த நீரை வாங்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் புழல் நீர் ஒரு லிட்டர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது. சத்தமில்லாமல் நடக்கும் இந்த வேலைக்கு எந்த விழாவிலும் பெரிய கட்அவுட் வைத்து நான் பார்த்ததில்லை.

செலவிலும் இதுவே முந்துகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு. வீட்டுக் கழிவுநீரில் ஆயிரத்துச் சொச்சம்தான். சவ்வுக்கு வேலை குறைவு, எனவே மின்சாரமும் குறைவு. இதற்காகக் கடற்கரையில் இடம் தேட வேண்டியதில்லை. மீனவரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 40 கிலோமீட்டர் தாண்டி நகரத்துக்குள் பெருங்குழாய் இழுக்க வேண்டியதுமில்லை. கழிவுநீர் ஊருக்குள்ளேயே, பெருங்குடியிலும் நெசப்பாக்கத்திலும் கொடுங்கையூரிலும், இருக்கிறது.

குடிக்கலாமா என்பதுதான் கேள்வி. நமீபியாவின் விந்தோக் நகரம் 1968 முதல் குடித்துக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூர் 2003 முதல் ‘நியூவாட்டர்’ என்று பெயர் வைத்து, பெரும்பகுதியைத் தொழிற்சாலைகளுக்கும் கொஞ்சத்தை நீர்த்தேக்கங்களில் கலந்தும் பயன்படுத்துகிறது. இரண்டாவது வழி நமக்குப் பொருந்தும். நன்றாகச் சுத்திகரித்த நீரைப் போரூர் ஏரியில் விட்டு, ஏரிநீரோடு கலந்து, மறுபடி சுத்திகரித்துக் குழாயில் அனுப்பும் யோசனை இங்கே பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அருவருப்பைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. யார் கழிவு யார் குடத்தில் என்று கேட்டுப் பழகிய சமூகம் நாம். ஆனால் இப்போது மட்டும் என்ன நடக்கிறது? பாதாளச் சாக்கடை எட்டாத புறநகர்களில் மலக்குழித் தொட்டிக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் இடைவெளி பதினைந்து அடி. கழிவுநீர் லாரி இருட்டியபின் எங்கே திறந்துவிட்டுப் போகிறது என்பதும் பரம ரகசியமில்லை. சுத்திகரிக்காமல் குடிப்பதற்கு இல்லாத அருவருப்பு சுத்திகரித்ததற்கு வருகிறது.

இதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. 2011இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தது. சேர்ந்த பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடை வேலை இன்னும் முடிந்தபாடில்லை. குழாய் இல்லாமல் கழிவுநீர் ஆலைக்கு வராது. ஆகவே ஆலை கட்டும் பணத்தைவிடத் தெருவைத் தோண்டும் பணம் அதிகமாகும். அந்தத் தோண்டலை எப்படியும் செய்தாக வேண்டும் என்பதால் அதை இந்தத் திட்டத்தின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. ஜூன் தேர்வில் கடலுக்கு நிகரான மதிப்பெண். டிசம்பர் தேர்வில் நேரடியாக ஒன்றுமில்லை. வடிகாலில் கழிவுநீர் நிரம்பி நிற்காவிட்டால் மழைநீருக்கு இடம் கிடைக்கும் என்ற ஓரளவு பலன் உண்டு.

நிலத்தடி நீரைப் பற்றி இந்த ஊர் ஒரு பாடம் படித்திருக்கிறது. ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகைகளில், மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்களிலிருந்து 1960களிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தோம். கடல் உள்ளே வந்துவிட்டது. மீஞ்சூர் பக்கம் பல கிலோமீட்டர் தூரத்துக்கு நிலத்தடி நீர் உப்பாகி, வயல்கள் தரிசாயின. 1987இல் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தும் இன்றுவரை புறநகர்க் கிணறுகளிலிருந்து லாரி நிற்கவில்லை. பழைய மாமல்லபுரம் சாலையின் எந்த அடுக்குமாடியிலும் காலை ஏழு மணிக்கு இந்தக் காட்சி உண்டு. லாரி பின்பக்கமாக வருகிறது. ஓட்டுநர் கித்தான் குழாயை சம்ப்பில் இறக்குகிறார். சங்கச் செயலாளர் ஒரு தம்ளரில் பிடித்து, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். பேனாவை முக்குகிறார். எண் 1,100ஐத் தாண்டுகிறது. “எந்தக் கிணறு அண்ணே இது?” “திருப்போரூர் பக்கம் சார். போன வாரம் கொண்டு வந்த கிணறு வற்றிவிட்டது.” பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. இல்லையென்றால் லாரி பக்கத்து அடுக்குமாடிக்குப் போய்விடும்.

மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய 2003ஆம் ஆண்டு அவசரச் சட்டம், ஜெயலலிதா அரசின் முடிவுகளில் எனக்கு மனப்பூர்வமாக உடன்பாடான ஒன்று. அடுத்து வந்த நல்ல மழையில் கிணறுகள் ஊறியதை மயிலாப்பூரிலும் பெசன்ட் நகரிலும் பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஆண்டுக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர் விழுகிறது; சேதாரம் போக எட்டு, ஒன்பது பெரிய லாரித் தண்ணீர். ஆனால் மாடி மழைநீரை மண்ணுக்குள் இறக்கத் தோண்டிய உறைக்குழிகளை இன்று திறந்து பாருங்கள். மோட்டார் அறைக்குப் பின்னால் சிமெண்டு மூடி, மூடிமேல் துளசித் தொட்டி. மூடியைப் புரட்டினால் கூழாங்கல் தெரியாத அளவுக்கு வண்டல். மாடியிலிருந்து வரும் குழாய் முழங்கை உடைந்து டைல்ஸ் பதித்த முற்றத்தில் கொட்டி, அங்கிருந்து தெருவுக்கு ஓடுகிறது. வரைபட அனுமதிக்காகத் தோண்டியது, அனுமதி வந்ததும் வேலை முடிந்தது. ஆண்டுக்கொரு முறை புரட்டாசியில் வண்டல் அள்ளினால் போதும். இதைவிட மலிவான தண்ணீர் இந்தப் பட்டியலில் கிடையாது, இரண்டு தேர்விலும் ஓரளவு தேறவும் செய்கிறது. இதற்குத் தேவை கான்கிரீட் இல்லை, மேற்பார்வை. அதனால்தான் எந்த ஒப்பந்ததாரரும் இதற்காகப் பரிந்து பேசுவதில்லை.

காடு பற்றித் தண்ணீர்க் கட்டுரையில் எதற்கு என்று கேட்கலாம். பூண்டிக்கு வரும் கொசஸ்தலையாற்றில் நகரி ஆறும் சேர்கிறது. அதன் மேட்டுநிலம் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் குன்றுகள். ஆரணியாறும் நாகலாபுரம் மலையில் பிறக்கிறது. மேலே புதரும் புல்லும் இருந்தால் மழை மெல்ல இறங்கும். மொட்டையானால் மண்ணோடு ஒரே நாளில் வந்து பூண்டியில் வண்டலாக உட்காரும். நகரத்துக்குள்ளும் அதன் ஓரத்திலும் வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளும் கிண்டிப் பூங்காவும் மழைநீர் ஊற மிஞ்சியிருக்கும் நிலங்கள். பள்ளிக்கரணையில் எஞ்சியதில் ஒரு பகுதியை 2007இல் வனத்துறை காப்புக்காடாக எடுத்துக்கொண்டது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கான்கிரீட் எதுவும் இல்லாமல் வெள்ளத்தை வாங்கி மெல்ல விடும் தேக்கம் அது.

ஆனால் மரம் என்றாலே நன்மை என்று எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. 1980களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் ஏரிகளின் உட்பகுதியில் கருவேல மரங்களை நட்டார்கள். விறகுக்கும் ஊராட்சி வருமானத்துக்கும் நல்ல யோசனைதான். ஏரியைத் தூர்வாரப் போனபோது மரம் வனத்துறைக் கணக்கில், மண் பொதுப்பணித்துறைக் கணக்கில், மீன் இன்னொரு துறையின் கணக்கில். கேட்பாரற்ற சீமைக்கருவேலம் மீதி இடத்தை நிரப்பியது. 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் மரப்பரப்பை 33 சதவீதமாக உயர்த்தப் பார்க்கிறது. கன்று நட இடம் தேடும் அலுவலருக்கு ஏரிப் புறம்போக்கும் புல்வெளியும்தான் முதலில் கண்ணில் படும். ஏரிக்குள் நடும் ஒவ்வொரு மரமும் ஒரு வகையில் தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வேடந்தாங்கலில் பறவை உட்கார நீரில் நிற்கும் மரங்கள் ஊரார் தலைமுறையாகக் காத்தவை. கன்று எண்ணிக்கை இலக்குக்காக நட்டவை இல்லை. ஆக, காட்டுக்கு என் வாக்கு உண்டு, நீர்ப்பிடிப்பு எல்லை வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு நடுவதாக இருந்தால்.

எனவே என் வரிசை இது. பேரூரை முடித்துவிட்டு கடலை அங்கேயே நிறுத்த வேண்டும். அதற்குமேல் ஒரு ஆலை என்பது, 40 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துக் காட்டிய பிறகு மட்டும். இப்போதைய 9 கோடியிலிருந்து அந்த அளவுக்குப் போவதே முழுமைத் திட்டத்தின் முதல் பத்தாண்டு வேலையாக இருக்கட்டும். அதோடு சேர்த்து, ஏரிச் சங்கிலியின் கலங்கல்களும் போக்குக் கால்வாய்களும் சர்வே எண்ணோடு நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் ஏற வேண்டும். அந்த எண்ணில் யாருக்கும் கட்டட அனுமதி கிடையாது, அரசுக்கும் கிடையாது. கோவளம் நீர்த்தேக்கம் கொஞ்சம் காத்திருக்கலாம். அந்த 350 கோடியைப் பள்ளிக்கரணைக்கு வரும் வழிகளிலும் போகும் வழிகளிலும் செலவழித்துப் பார்த்துவிட்டு மறுபடி பேசலாம்.

கழிவுநீர் வழி மெதுவானது, அடுத்த வறட்சி அதுவரை காத்திருக்குமா என்ற எதிர்வாதம் வலுவானது. காத்திருக்காது. அதற்காகத்தான் பேரூர் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எதிர்வாதத்தை வைப்பவர்கள் வீட்டு மீட்டர் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. மீட்டர் இல்லாத வீட்டில் ஐந்து குடம் எடுத்தாலும் ஐம்பது குடம் எடுத்தாலும் வாரியத்துக்கு ஒரே கட்டணம். ஆயிரம் லிட்டர் 48 ரூபாய்க்கு வாங்கி, அளக்காமல் ஊற்றினால், கடலைக் குடித்தாலும் போதாது. புதிய அடுக்குமாடிகளிலும் வணிக வளாகங்களிலும் மீட்டரைத் தொடங்கிவிடலாம். குடிசைப் பகுதிக்கும் பொதுக்குழாய்க்கும் வேண்டாம். குடத்துக்கு வரிசையில் நிற்பவர் ஏற்கெனவே அளந்துதான் எடுக்கிறார்.